தலகாணி இல்லாத கட்டில்கள்

"எந்த லென்ஸ்ல எடுத்த?" என்றுதான் முதலில் கேட்டேன். அடுத்து, "பிளாக் அண்ட் ஒயிட் ஆக்கினா இன்னும் தூக்கும்" என்றேன். அதற்கும் அடுத்து, "27 படம் ரொம்ப அதிகம், 12 போதும்." இதையெல்லாம் சொல்லி முடிக்க எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தம்பி அந்தப் படங்களை எடுக்க நாலு வருஷம் ஆகியிருந்தது.

நான் மதுரையில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவன். 17 வருஷமாகிறது. போட்டோகிராபர்கள் ஹார்ட் டிஸ்க்கில் மூவாயிரம் நாலாயிரம் படம் கொண்டுவந்து கொட்டுவார்கள். பார்ட்டி செலக்‌ஷன் முடித்து நம்பர் அனுப்பும். நான் 12க்கு 36 ஷீட்டில் ஒவ்வொன்றாக உட்காரவைத்து லேபுக்கு அனுப்புவேன். தாலி கட்டுகிற படம் எங்கே, தாய்மாமன் மாலை போடுகிற படம் எங்கே, அட்டைக்கு எது என்று கை தானாகத் தேடும். ஆவணியிலும் தையிலும் ஒரு நாளைக்கு எத்தனை முகம் கண்ணில் படுகிறது என்று கணக்கே கிடையாது. இவ்வளவு பார்க்கிறவனுக்குப் படம் பார்க்கத் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. எனக்கு ஆல்பம் கொடுக்கிற போட்டோகிராபர்களில் ஒருவன். பத்து வருஷப் பழக்கம். லைட் பிடிக்கிற பையனாக வந்து, அசிஸ்டெண்ட் ஆகி, இப்போது சொந்தமாக டீம் வைத்திருக்கிறான். ஒரு மத்தியானம் பென் டிரைவை நீட்டி, "வேலை இல்லண்ணே. சும்மா, நம்ம படம். நேரம் இருக்கயில பாருங்க" என்றான். ஃபோல்டருக்குப் பெயர் 'ரூம்'. நேரம் இருக்கயில என்றதை நான் காதிலேயே வாங்கவில்லை. அவன் நின்றுகொண்டிருக்கும்போதே திறந்தேன். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கை ஆரோ பட்டன் மேல்.

எல்லாம் லாட்ஜ் ரூம்கள். காரைக்குடி, ராஜபாளையம், தேனி, கோவில்பட்டி, பழனி என்று வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகும்போது பார்ட்டி போட்டுக்கொடுக்கிற ரூம்கள். ஒரு படத்திலும் ஆள் கிடையாது. டியூப்லைட் வெளிச்சம், பச்சை டிஸ்டம்பர் சுவர், பிளாஸ்டிக் வாளி, ஜன்னல் கம்பியில் காயும் துண்டு, சார்ஜரில் கண் சிமிட்டும் பேட்டரிகள்.

"என்னடா, எல்லாம் சோகமா இருக்கு. வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்று வேறு கேட்டுவைத்தேன். சொன்னதிலேயே மோசமானது அதுதான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே." பென் டிரைவை உருவி எடுத்துக்கொண்டான். அவனுக்கு வாங்கிய டீ ஆடை கட்டிப்போய் அப்படியே இருந்தது. அப்புறம் இரண்டு மாசம் வேலை வந்தது, பணம் ஜிபேயில் வந்தது, அவன் மட்டும் வரவில்லை. ஹார்ட் டிஸ்க்கை டீம் பையனிடம் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தான்.

நான் கெட்ட எண்ணத்தில் எதுவும் சொல்லவில்லை. ஆனால் லென்ஸைக் கேட்டபோது அவன் காட்டியதை விட்டுவிட்டு அவன் பையைப் பார்த்திருக்கிறேன். 12 போதும் என்றபோது பார்ட்டிக்கு ஆல்பம் போட்டிருக்கிறேன். வீட்டில் பிரச்சினையா என்று கேட்டபோது படத்தை ஸ்கேன் ரிப்போர்ட்டாக்கி வியாதி தேடியிருக்கிறேன். "நல்லா இருக்கு தம்பி" என்று மட்டும் சொல்லியிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது, உண்மைதான். ஆனால் அதுவும் கதவைச் சாத்துகிற பேச்சுதான். 'நல்லா இருக்கு' என்றால் எதிராளி 'சரிண்ணே' என்பான், அவ்வளவுதான், கிளம்ப வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு நண்பர் வேலையாக வந்து எங்கள் வீட்டில் மூன்று ராத்திரி தங்கினார். நாடகக்காரர், போட்டோ புத்தகம் சேர்க்கிற பைத்தியமும் உண்டு. பையில் மசாஹிசா ஃபுகாசே என்ற ஜப்பான் போட்டோகிராபரின் 'கராசு' வைத்திருந்தார். ஜப்பானில் 1986இல் வந்த புத்தகம். அவரிடம் இருந்தது 2017இல் லண்டனில் போட்ட மறுபதிப்பு. கராசு என்றால் காக்கை. ஆங்கிலத்துக்குப் போகும்போது அண்டங்காக்கை ஆகிவிட்டதாம். ஒன்றும் சொல்லாமல் என் மடியில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

சாயங்கால வானத்தில் மிளகு சிதறினாற்போல் காக்கைகள். இருட்டு மரத்தில் ஃபிளாஷ் பட்டுக் கண் மட்டும் மின்னுகிற காக்கைகள். பனியில் கால்தடம். கருப்பு என்றால் அப்படி ஒரு கருப்பு, ஃபிலிம் புள்ளி, அதுதான் கிரெயின், மணல்போல் நெருடுகிறது. எனக்கு உடனே அமாவாசை ஞாபகம் வந்தது. மொட்டை மாடிக் கட்டைச் சுவரில் இலைத் துண்டில் சோறு வைத்துவிட்டு, போன அப்பாவை 'கா கா' என்று கூப்பிடுகிற அம்மா. ஒன்றும் வராவிட்டால் அவள் முகம் போகிற போக்கு. கண் கலங்கிவிட்டது. என்ன மாதிரி திதிப் படம் எடுத்திருக்கிறான் மனுஷன் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

காலையில் நண்பர் கதையைச் சொன்னார். ஃபுகாசே 1934இல் ஹொக்கைடோ தீவில் பிஃபுகா என்ற ஊரில் பிறந்தவர். குடும்பமே ஸ்டுடியோ வைத்திருந்த குடும்பம். (அட, நம்மாளு.) மனைவி யோக்கோவை ஓயாமல் படமெடுத்தவர். 1973இல் அந்த அம்மா வேலைக்குக் கிளம்புகிற காட்சியை மேல் மாடி ஜன்னலில் இருந்து நாள்தோறும் எடுத்திருக்கிறார். 1976இல் விவாகரத்து. அதையொட்டிச் சொந்த ஊர்ப் பக்கம் போனபோது பிடித்ததுதான் காக்கை. வருஷக்கணக்காக விடவில்லை. கடைசியில் தானே காக்கையாகிவிட்டதாக எழுதினார். 1992இல் டோக்கியோவில் ஒரு பாரின் படிக்கட்டில் உருண்டு விழுந்து மூளையில் அடிபட்டது. அதற்கப்புறம் படம் எடுக்கவே இல்லை. 2012இல் இறந்துபோனார்.

இதைக் கேட்டுவிட்டு இரண்டாவது ராத்திரி புரட்டினால், புத்தகத்தில் இருந்த காக்கையெல்லாம் விவாகரத்து ஆகிவிட்டது! பனி விவாகரத்து, மரம் விவாகரத்து. முந்தின நாள் கலங்கின கண் இன்றைக்குத் தலையாட்டிக்கொண்டே பக்கம் தள்ளியது, 'ஆமாமா, பாவம்' என்று. கதை தெரிந்ததும் புத்தகம் சின்னதாகிவிட்டது.

மூன்றாவது ராத்திரிதான் மற்றதெல்லாம் தெரிந்தது. காற்றில் முடி முகத்தை மறைக்க நிற்கிற பள்ளிக்கூடப் பெண்கள். நிர்வாணமாகப் படுத்திருக்கிற ஒரு பருத்த பெண். ஒரு பூனை. வானத்தில் விமானம். இதற்கெல்லாம் என் அமாவாசையிலும் இடமில்லை, அவர் விவாகரத்திலும் இடமில்லை. காக்கைக்கு நடுவில் இவர்களுக்கு என்ன வேலை? புத்தகம் மறுபடி பெரிசாக ஆரம்பித்தது அங்கேதான்.

நண்பர் இன்னொன்றும் சொன்னார். தன்னை எடுத்த படங்களிலெல்லாம் ஃபுகாசே எடுத்தது அவரையேதான் என்று யோக்கோ எழுதியிருக்கிறாராம். அதைக் கேட்டதும் எனக்குத் தம்பியின் ரூம்கள் நினைவுக்கு வந்தன. ஆளே இல்லை என்று நான் தள்ளிவிட்ட ரூம்கள்.

போன் போட்டேன். "தம்பி, அன்னிக்கு நான் படத்தப் பாக்கவே இல்லடா. பாத்த மாதிரி பேசிட்டேன். இன்னொரு தடவ குடுக்கிறியா? முடிஞ்சா பிரிண்ட்டா குடு." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வண்டிச் சத்தம்தான் கேட்டது. நாலு நாள் கழித்து ஒரு பழைய போட்டோ பேப்பர் டப்பா வந்தது. 8க்கு 12, மேட். டப்பா மேல் சின்னதாக ஒரு சீட்டு: 'அவசரமில்ல.'

மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். முதல் காரியமாக இந்தப் படங்களுக்கும் மானிட்டருக்கும் சம்பந்தம் இல்லாமல் செய்தேன். மானிட்டர் முன்னால் உட்கார்ந்தால் என் கை, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கர்வ்ஸைத் தேடும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஹாலில் பாயை விரித்து, அவன் அடுக்கிக் கொடுத்த வரிசை மாறாமல் 27ஐயும் பரப்பிவைத்தேன். வரிசை மாறாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆல்பக்காரன் கை வரிசையைக் கலைக்கத்தான் பார்க்கும். எது முதல், எது கடைசி என்று முடிவு செய்ததிலேயே அவன் பாதி பேசிவிட்டான்.

முதல் ராத்திரி வீட்டுக்காரி வந்து இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "யாரும் இல்லாத ரூமா எடுத்திருக்கான். ஆனா எல்லாத்துலயும் யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரியே இருக்கே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். 17 வருஷ அனுபவம் சொல்லாததை அவள் அரை நிமிஷத்தில் சொன்னாள். அதை அப்படியே நோட்டில் எழுதிவைத்தேன்.

நோட்டு என்றேன் இல்லையா. ஒரு 80 பக்க நோட்டில் பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுக்கொண்டேன். முதல் பத்தியில் படத்தில் இருப்பது மட்டும்: 'வாளி. நீலம். நிறையத் தண்ணீர். குழாய் சொட்டுகிறது.' இரண்டாவதில் எனக்குள்ளிருந்து வந்தது: 'அரசு ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணைக்குப் படுத்திருந்த வராண்டா.' மூன்றாவதில் அவனைப் பற்றி எனக்கு முன்பே தெரிந்தது அல்லது நானாக ஊகித்தது. முதல் வாரம் இரண்டாவது பத்தியும் மூன்றாவது பத்தியும்தான் நிறைந்தன. முதல் பத்தி காலியாகவே கிடந்தது. ஃபுகாசே விஷயத்தில் நான் செய்ததும் இதேதான்: முதல் ராத்திரி இரண்டாம் பத்தி, இரண்டாம் ராத்திரி மூன்றாம் பத்தி. இரண்டாவது பத்தியை அடித்துவிடத் தேவையில்லை, அதுவும் பதில்தான். ஆனால் அது என்னுடையது என்று தெரிந்து சொல்ல வேண்டும். 'உன் படம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு' என்பது வேறு. 'எங்கப்பாவோட ஆஸ்பத்திரில இருந்தப்ப இப்படி ஒரு வாளி இருந்துச்சு, அதுலயே நின்னுட்டேன்' என்பது வேறு.

ஆறாவது படத்தில் அதிக நேரம் நின்றேன். பீரோக் கண்ணாடி. கீழ் மூலையில் ரசம் போய்ச் செம்பழுப்பாகியிருக்கிறது. கண்ணாடி முழுக்க ஒட்டுப்பொட்டுகள். தங்கிவிட்டுப் போன பெண்கள் முகம் கழுவும்போது எடுத்து ஒட்டியவை. எண்ணினேன், 11. மெரூன், கருப்பு, ஒன்று மட்டும் பச்சைக் கல் வைத்தது, கல் விழுந்து பசை மட்டும் வட்டமாக மினுங்குகிறது. எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில். அவன் ஒதுங்கி நின்று எடுத்திருப்பதால் கண்ணாடியில் அவன் முகம் இல்லை. கேமரா பட்டையின் ஒரு முனை மட்டும் ஓரத்தில் தொங்குகிறது. கல்யாண வீட்டுப் பெண்களின் முகத்தை நாள் முழுக்க எடுக்கிறவன், அவர்கள் கழற்றிவைத்துவிட்டுப் போனதைக் காலை நாலு மணிக்குத் தனியாக நின்று எடுத்திருக்கிறான்.

19ஆவது படத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் கண் தாண்டிப் போனது. பாத்ரூம் கதவு, அடியில் ஊறி உப்பியிருக்கும், வேறொன்றும் இல்லை. பிடிக்காத படத்தை இப்போதெல்லாம் நான் குறித்துவைக்கிறேன். கழித்துவிடச் சொல்வதற்காக இல்லை. நான் எங்கே பார்க்க மறுக்கிறேன் என்பது அதில்தான் தெரிகிறது.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் போய், எமர்ஜென்சி லைட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். 14 படங்களில் கட்டில் இருக்கிறது. 14 கட்டிலிலும் பெட்ஷீட் கசங்கவே இல்லை. கேமரா பை இருக்கிறது, டிரைபாட் இருக்கிறது, ஒன்றில் பாதி பிரித்த பிஸ்கட் பாக்கெட் இருக்கிறது. ஒரு கட்டிலில்கூடத் தலையணை இல்லை. லைட்டைக் கிட்டத்தில் பிடித்து மறுபடி எண்ணினேன். இல்லை.

அடுத்த நாள் அவனை வரச் சொன்னேன். இந்தத் தடவை அவன் நிற்கவில்லை, பாயில் உட்கார்ந்தான். சென்னை நண்பர் கிளம்புகிற அன்றைக்குச் சொல்லிவிட்டுப் போன ஒரு வழி எனக்குக் கையில் இருந்தது. லிஸ் லெர்மன் என்று அமெரிக்காவில் ஒரு நடன அமைப்பாளர். அரைகுறையாக இருக்கும் படைப்பைப் பார்த்துவிட்டு எப்படிப் பேசுவது என்று 1990இல் அவர் வகுத்தது. நாலே படி. பார்த்தவர் முதலில் தன் மனசில் எது நின்றது என்று சொல்ல வேண்டும். அப்புறம் படைத்தவர் கேட்பார், பார்த்தவர் பதில் சொல்வார். மூன்றாவதாகப் பார்த்தவர் கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் 'இதப் பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்கு, சொல்லட்டுமா?' என்று கேட்டு, அவர் சரி என்றால் மட்டும். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. நாடகக்காரர்கள் ஒத்திகையில் இதை வைத்துத்தான் சண்டை வராமல் பார்த்துக்கொள்கிறார்களாம்.

கேட்க லேசாகத்தான் இருக்கும். மூன்றாவது படியில்தான் எனக்கு வழுக்கியது. "ஏன் இவ்ளோ இருட்டா எடுத்த?" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அது கேள்வியே இல்லை, 'இருட்டா இருக்கு' என்பதன் வாலில் ஒரு கேள்விக்குறி. விழுங்கிவிட்டு, "டியூப்லைட்ட எப்பப் போடுற, எப்ப அணைக்கிற?" என்றேன். அதற்கு அவன் பத்து நிமிஷம் பேசினான். முகூர்த்தம் ஆறு மணி என்றால் மேக்கப் நாலரைக்கு. மூன்றரைக்கு அலாரம். எழுந்து முதலில் பேட்டரி எல்லாம் ஏறிவிட்டதா என்று பார்ப்பான். குளித்து, பையைக் கட்டி, கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு படம். அன்றைக்கு அந்தக் கேமரா எடுக்கிற முதல் படம் அதுதான். நாலு வருஷமாக. இது எதுவும் எனக்குத் தெரியாது. படத்தைப் பார்த்து இதையெல்லாம் ஊகித்திருக்கவும் முடியாது.

அப்புறம் சொன்னேன். "தம்பி, எந்தக் கட்டில்லயும் தலகாணி இல்லயே?"

படங்களைப் பார்த்தான். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. இந்த இடத்தில் ஏதாவது சொல்லி நிரப்பத்தான் நமக்கு வாய் ஊறும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"நான் கீழதாண்ணே படுப்பேன்" என்றான். "லைட் பாயா இருந்தப்ப ஒரு ரூம்ல ஆறு பேரு. கட்டில் சீனியருக்கு. நமக்குத் தலகாணி கெடைச்சா அதுவே பெருசு. இப்ப எனக்குன்னு தனி ரூம் போட்டுத் தர்றாங்க. கட்டில்ல படுத்தா தூக்கம் வரலண்ணே. தலகாணிய எடுத்துக்கிட்டு இறங்கிடுவேன்." நிறுத்திவிட்டு, "படத்துல இது இருக்குன்னு எனக்கே தெரியாது" என்றான்.

வீட்டில் பிரச்சினையும் இல்லை, செத்துப்போனவர் யாரும் இல்லை. நான் அன்றைக்கு மோப்பம் பிடித்த சோகம் அங்கே இல்லவே இல்லை. இருந்தது வேறு ஏதோ. அதற்கு நான் பெயர் வைக்கப் போவதில்லை, அவனும் வைக்கவில்லை.

இதைச் சொல்லும்போது ஒன்று உறுத்துகிறது. படத்தைப் பார்த்து ஆளைப் பற்றி ஊகிக்காதே என்கிறேனே, உண்மையிலேயே அந்த ஆளைப் பற்றிப் பயமாக இருந்தால்? இன்னொரு பையன் விஷயத்தில் எனக்கு அப்படி ஒரு தடவை இருந்தது. அப்போது படத்தை ஓரமாக வைத்துவிட்டு, வண்டியில் பின்னால் உட்கார்ந்து வைகைக் கரை வரைக்கும் போய், "தம்பி, நீ நல்லாத்தான இருக்க? எனக்குப் பயமா இருக்குடா" என்று நேராகவே கேட்டேன். படத்தை விமர்சனம் செய்கிற சாக்கில் அதைக் கேட்கக் கூடாது. ஆள்மேல் அக்கறை என்றால் ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். அவனைக் கேட்காமல் ஒரு படத்தைக்கூட நான் போனில் எடுத்து யாருக்கும் அனுப்பவில்லை, ஸ்டேட்டஸ் வைக்கவில்லை. ஃபுகாசே பெயரை அவனிடம் சொல்லவே இல்லை. 'அவர் மாதிரியே இருக்கு' என்றால் பாராட்டு மாதிரித்தான் தெரியும். ஆனால் அடுத்த படம் எடுக்கும்போது அந்த ஜப்பான்காரர் தோளில் வந்து உட்கார்ந்துகொள்வார். வேலை முடியட்டும், நானே வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். விலையைக் கேட்டால்தான் தலை சுற்றுகிறது.

அன்றைக்குக் கடைசியில் அவனே கேட்டான்: "எதையாச்சும் தூக்கிடணுமாண்ணே?"

"கருத்து இருக்கு. சொல்லட்டுமா?"

சிரித்துவிட்டான். "இதென்னண்ணே புதுசா. சொல்லுங்க."

19ஐச் சொன்னேன். கதவு. தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனான். ஒன்றரை மாசம் கழித்து மறுபடி கொண்டுவந்தான். 27 இப்போது 26. கதவு அப்படியே இருந்தது. இல்லாதது ஆறாவது.

"பொட்டு வேணாம்ணே. அத மட்டும் எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்றாங்க. அந்த ரூம்ல நான் இல்ல."

எனக்கு ஒப்பவில்லை. இன்றைக்கும் ஒப்பவில்லை. கேமரா பட்டை தொங்குகிறதே, அது யாருடையதாம்? வாயைத் திறந்தேன். அவன் கருத்துக் கேட்கவில்லை என்பது ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன். தூக்கிவிட்ட பிரிண்ட்டை என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டேன். "நீங்க வச்சுக்கங்க" என்றான். கீபோர்டுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஆல்பம் பார்க்க வருகிற பார்ட்டியெல்லாம், இது யார் வீட்டுக் கண்ணாடி என்று கேட்கிறார்கள்.